சரிவின் கணிதம்: ஊவாப் பெருந்தோட்டங்களில் மோட்டார் வாகனமும் கணக்கறிவும்

1

கணிதம் மனித மூளையின் தூய சிந்தனையிலிருந்து பிறந்து, பின்னரே நடைமுறை வாழ்விற் பயன்படுத்தப்பட்டது என்னும் கருத்து நமது கல்விக்கூடங்களில் இன்றும் ஆட்சி செலுத்துகின்றது. 1931இல் இலண்டனில் நடைபெற்ற அறிவியல் வரலாற்று மாநாட்டிலே சோவியத் அறிஞர் போரிஸ் ஹெஸ்ஸன் இக்கருத்தினை அடிப்படையிலேயே கேள்விக்குள்ளாக்கினார். நியூட்டனின் இயக்கவியல், அவரது காலத்துப் போக்குவரத்து, சுரங்கத் தொழில், போர்க்கலை ஆகியவை எழுப்பிய பிரச்சினைகளோடு பிரிக்கவியலாத தொடர்புடையது என அவர் வாதிட்டார். அவ்வாதத்தின் சில பகுதிகள் மிகைப்படக் கூறுவன எனப் பின்வந்தோர் குறைகண்டனர். ஆயினும் கணக்கு என்பது யாரோ ஒருவரது தேவைக்காக, ஏதோ ஓர் உற்பத்தி உறவினுள்ளே போடப்படுவது என்னும் அதன் அடிப்படை உண்மை இன்றும் வலுவிழக்கவில்லை.

இவ்வுண்மையைப் பரிசீலிப்பதற்கு ஊவா மாகாணத்து மலைச்சரிவுகளைப் போன்ற களம் பிறிதொன்று கிடைப்பது அரிது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை பெரகலையைக் கடந்து, கொஸ்லந்தயினூடாக வெல்லவாயச் சமவெளியை நோக்கி இறங்குகின்றது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி இச்சாலையின் அருகிலேயே உள்ளது. நீர் ஒரே பாய்ச்சலிற் கடக்கும் அவ்வுயரத்தினை வாகனம் வளைந்து வளைந்தே கடக்க வேண்டியுள்ளது. இந்த வளைவுகளுள் ஒரு கணிதம் உறைந்து கிடக்கின்றது. மோட்டார் வாகனத்தைத் தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைக்க முனையும் எவரும் முதலிற் கற்கவேண்டிய கணிதமும் அதுவே. அக்கணிதத்தின் அடிப்படைகளை எடுத்துரைப்பதும், அது மலையகத்தில் எவரிடம் சேர்ந்தது, எவரிடம் சேராமற் போயிற்று என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மலையகத்துப் பாதைகள் கோப்பிக்காக வெட்டப்பட்டவை. தோமஸ் ஸ்கின்னரின் மேற்பார்வையில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரிவடைந்த வீதிகளின் பின்னணியில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும், உள்ளூர் விவசாயிகளின் கட்டாய உழைப்பும் இருந்தன. 1848இன் வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்யுமாறு, அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துமாறு ஆடவரை நிர்ப்பந்தித்தது. 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை, 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது 1924இலேயே வந்து சேர்ந்தது.

இம் மலைப்பாதையின் உச்சச் சரிவு 44க்கு 1 என வரையறுக்கப்பட்டது. அதாவது 44 அடி நீளத்திற்கு ஓரடி உயர்வு. இதன் பொருளை எளிதாக விளக்கலாம். சரிவொன்றில் ஒரு பொருளை மேலிழுக்கத் தேவையான விசை, உராய்வை நீக்கிப் பார்த்தால், அப்பொருளின் நிறையைச் சரிவின் விகிதத்தாற் பெருக்கக் கிடைப்பதாகும். 1000 கிலோகிராம் நிறையை 44க்கு 1 சரிவில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 23 கிலோகிராம் இழுவிசை போதுமானது. 10க்கு 1 சரிவுள்ள வீதியில் அதே நிறைக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் வேண்டும். சரிவு தணியத் தணியத் தூரம் கூடும், விசை குறையும். தெமோதரவில் இருப்புப்பாதை சுற்றிவந்து தன்னையே கீழாற் கடந்து செல்வது வேடிக்கைக்காக அன்று. தூரத்தைக் கொடுத்து விசையைச் சேமிக்கும் பேரமே அங்கு நிகழ்கின்றது.

வாகனத்தின் கியர்ப்பெட்டி செய்வதும் இதே பேரந்தான். எஞ்சின் பலமுறை சுழலச் சில்லு ஒருமுறை சுழலுமாறு செய்தால், வேகம் குறைந்து விசை பெருகும். வளைந்தேறும் மலைவீதி, நிலத்தின்மேல் வரையப்பட்ட ஒரு கியர் எனலாம். இவ்வொருமையைக் கண்டுகொண்டவருக்கு ஏனைய கணக்குகள் யாவும் இலகுவாகும்.

3

இக்கணக்கினை மொரிஸ் மைனர் 1000 என்னும் காரைக் கொண்டு விளக்குவது பொருத்தமானது. இலங்கையிற் பெரிதும் புழங்கிய பிரித்தானியக் கார்களுள் அது ஒன்று. 1956இல் அறிமுகமான அதன் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றினதும் விட்டம் 62.94 மில்லிமீற்றர்; பிஸ்டன் செல்லும் தூரம் 76.2 மில்லிமீற்றர்.

எஞ்சினின் கனவளவைக் காண்பதற்குப் பிஸ்டன் முகத்தின் பரப்பை அறிய வேண்டும். வட்டத்தின் பரப்பு, சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியாற் பெருக்க வருவது என்பது தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் முன்னரே கூறிய விதியாகும். அவ்விதிப்படி இங்கு பரப்பு ஏறத்தாழ 31.11 சதுர சென்ரிமீற்றர். அதனை 7.62ஆற் பெருக்க, ஒரு சிலிண்டருக்கு 237; நான்கிற்கும் 948. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு பெரிதான பிஸ்டன் பொருத்தினால், விட்டம் 63.96 மில்லிமீற்றராகும், கனவளவு ஏறத்தாழ 979 ஆகும். விட்டம் 1.6 வீதமே கூடியது, கனவளவோ 3.3 வீதம் கூடியது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதே இதற்குக் காரணம்.

அமுக்க விகிதமும் இவ்வாறே காணப்படுகின்றது. ஒரு சிலிண்டரின் 237 கன சென்ரிமீற்றர் வெளி, பிஸ்டன் மேலே வந்ததும் 32.5 ஆகச் சுருங்குமாயின், மொத்தம் 269.5ஐ 32.5ஆல் வகுக்க 8.3 வரும். சிலிண்டர் தலையைச் சீவி அவ்வெளியை 29.5 ஆக்கினால் விகிதம் 9ஐ எட்டும். விகிதம் கூடினால் அதே பெற்றோலிலிருந்து கூடுதலான வலு கிடைக்கும். ஆனால் தரங்குறைந்த பெற்றோலுடன் விகிதத்தைக் கூட்டினால் எஞ்சின் தட்டும். பிஸ்டன் சிதையவும் கூடும்.

இனி இவ்வாகனத்தை அப்புத்தளைக்கு ஏற்றிப் பார்ப்போம். எஞ்சினின் உச்ச முறுக்கம் ஏறத்தாழ 68 நியூட்டன் மீற்றர். மூன்றாம் கியரின் விகிதம் 1.412, பின்னச்சின் விகிதம் 4.555, இரண்டையும் பெருக்க 6.43. இடையிற் பத்தில் ஒரு பங்கு உராய்வில் இழக்கப்படுவதாகவும், சில்லின் ஆரை 29.2 சென்ரிமீற்றர் எனவும் கொண்டால், வீதியிற் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 137 கிலோகிராம். ஆயின் அப்புத்தளை கடல்மட்டத்திற்கு மேல் 1400 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்கு வளியின் அடர்த்தி ஏறத்தாழ 13 வீதம் குறைவு. எஞ்சினின் வலுவும் அதற்கேற்பக் குறையும். எஞ்சுவது 119 கிலோகிராம். ஆட்களுடன் 1000 கிலோகிராம் நிறையுள்ள கார் 10க்கு 1 சரிவில் ஏறுவதற்கு, சில்லுகளின் உருளல் தடை 15 கிலோகிராமையும் சேர்த்து, ஏறத்தாழ 114.5 கிலோகிராம் வேண்டும். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், கார் மூன்றாம் கியரில் மட்டுமட்டாக ஏறும்.

இந்நிலையில் அழகுக்காகவோ குழிகளுக்காகவோ 5 வீதம் பெரிதான டயர் மாட்டப்படுகின்றது எனக் கொள்வோம். ஆரை கூடியதால் இழுவிசை 119இலிருந்து 113 ஆகக் குறையும். நேற்றுவரை மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில் இன்று இரண்டாம் கியர் போடவேண்டிவரும். வேகமானி 40 எனக் காட்டும்போது உண்மை வேகம் 42 ஆக இருக்கும். முன்னர் கூறியவாறு சிலிண்டரைக் கடைந்து 3.3 வீதம் சேர்த்தால், இழுவிசை 117ஐ அண்மித்து, ஏற்றம் மீண்டும் கைகூடும். வாகனத்தில் ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறும்; தனித்து நிற்கும் உறுப்பு எதுவும் இல்லை. இயங்கியல் என நாம் நூல்களிற் கற்பது பட்டறையில் அன்றாட அனுபவமாக உள்ளது.

இறக்கத்தின் கணக்கு ஏற்றத்தினதைவிடக் கடுமையானது. 5000 கிலோகிராம் நிறையுள்ள லொறியொன்று 500 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 78 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வெப்பம் முழுவதையும் பிரேக்கின் மேல் சுமத்தினால் பிரேக் பிடியிழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்னும் மலைச் சாரதிகளின் விதி இக்கணக்கின் வாய்மொழி வடிவமேயாகும்.

4

கணக்கு இயந்திரத்தை விளக்குவதோடு நிற்பதில்லை. அதனை உருவாக்கவும் செய்கின்றது. பிரித்தானியாவில் 1921 முதல் கார்களுக்குக் குதிரைவலு ஒன்றிற்கு ஒரு பவுண் வரி விதிக்கப்பட்டது. அக்குதிரைவலு எஞ்சினை இயக்கி அளந்ததன்று. சிலிண்டர் விட்டத்தின் அங்குல அளவை வர்க்கித்து, சிலிண்டர்களின் எண்ணிக்கையாற் பெருக்கி, 2.5ஆல் வகுத்துப் பெற்றதே. ஒஸ்டின் 7 காருக்கு இவ்வாய்பாடு 7.8 தரும். பிஸ்டன் செல்லும் தூரம் இதிற் சேரவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். எனவே வரியைத் தவிர்க்க விரும்பிய உற்பத்தியாளர் விட்டத்தைக் குறுக்கித் தூரத்தை நீட்டினர். இரண்டாம் உலகப்போரின் பின்னர் அவ்வரிமுறை கைவிடப்பட்டபோதும், அதன் வழிவந்த ஒடுங்கிய சிலிண்டர்கள் நீண்டகாலம் நீடித்தன. இலங்கைக்கு இறக்குமதியான கார்களும் அவ்வகையினவே. இவ்வாறு இலண்டனின் வரிக்கொள்கை ஊவாவின் மேடுகளில் ஏறும் வாகனத்தின் உடலமைப்பை நிர்ணயித்தது.

நுவரெலியாவின் மாகஸ்தோட்டையில் 1930களில் தொடங்கிய மலையேற்றக் காரோட்டப் போட்டிகள் இச்சூழலிலேயே நோக்கப்பட வேண்டியவை. வாகனத்தின் வலுவை அதன் நிறையால் வகுத்து, அவ்விகிதத்தை உயர்த்துவதே அத்தகைய போட்டிக்காகக் காரை மாற்றியமைப்போரின் முதற் கணக்கு. தோட்டத்துரைமாருக்கும் நகரத்துச் செல்வருக்கும் அது ஓய்வுநேர விளையாட்டு. அதே மலைகளில் தேயிலைப் பெட்டிகளையும் உரமூட்டைகளையும் ஏற்றிய லொறிச் சாரதிக்கும், லொறியைப் பழுதுபார்த்த பாஸுக்கும் அதே கணக்கு உயிர்ப்பிரச்சினை. ஒரே சூத்திரம் ஒரு வர்க்கத்திற்குக் கேளிக்கையாகவும், மற்றொரு வர்க்கத்திற்குப் பிழைப்பாகவும் அமைந்தது.

1960களிலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, பட்டறைத் தொழிலாளரின் இவ்வறிவு நாட்டின் தேவையாக மாறியது. பழைய கார்கள் கழிக்கப்படாது மீளவும் கட்டப்பட்டன. பெற்றோல் எஞ்சின் கழற்றப்பட்டு டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. டீசல் எஞ்சினின் உச்சச் சுழற்சி 4800இலிருந்து 4000 ஆகக் குறையுமாயின், பழைய வேகம் கெடாதிருக்கப் பின்னச்சு விகிதத்தை 4.555இலிருந்து 3.8 அளவிற்கு இறக்கவேண்டும் என்பது போன்ற கணக்குகள் கரேஜ்களின் அன்றாட வழக்காயின. 1990களில் மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டமை இந்த அறிவுத் தொடர்ச்சியின் விளைவாகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்படும் வரையான காலத்திலும், பழையதைப் புதுப்பிக்கும் அந்த அறிவே நாட்டினை ஓட்டியது.

5

ஆயின் தோட்டத் தொழிலாளியிடம் வந்து சேர்ந்த கணக்கு எது? அவளுக்கு அறிமுகமான முதற் கணிதக்கருவி தராசு. கொழுந்தின் நிறை, கூடைக்கும் ஈரத்திற்கும் கழிவு, அன்றைய வேலைக்கு ஒரு பெயரா அரைப்பெயரா என்னும் தீர்ப்பு ஆகியவையே அவள்மீது போடப்பட்ட கணக்குகள். அதற்கு முன்னர் துண்டு என்னும் கடன்சீட்டின் கணக்கு இருந்தது. 1921இல் அம்முறை சட்டப்படி ஒழிக்கப்படும் வரை, தொழிலாளி தோட்டம் மாறும்போது அவரது கடனும் உடன் மாறிச்சென்றது. இக்கணக்குகளை எழுதியவர் கங்காணியும் கணக்கப்பிள்ளையும். கணக்கு என்னும் சொல்லே ஒரு பதவியின் பெயராகிவிட்ட சமூகத்தில், கணக்கறிவு அதிகாரத்தின் உடைமையாயிற்று.

கல்வியும் இதனை மாற்றவில்லை. 1920இன் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டப்பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குமாறு தோட்ட நிர்வாகங்களைப் பணித்தது. பத்து வயதில் அது முடிந்துவிடும். 1945இன் இலவசக் கல்வியின் பயனும் தோட்டப் பாடசாலைகளுக்கு உடனடியாக எட்டவில்லை. அவை அரசின் முழுப் பொறுப்பில் வந்தது தோட்டங்கள் 1972இலும் 1975இலும் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே. கூட்டல் கழித்தலோடு நின்ற கல்விக்கும், விகிதமும் வர்க்கமும் வேண்டிநின்ற இயந்திரத்திற்கும் இடையில் பெரும் பள்ளம் இருந்தது.

இலக்கிய வரலாற்று நோக்கிலும் இப்பள்ளம் தெளிவாகின்றது. 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி, மலையகத் தமிழ் நூல்களுள் மிக முந்தியவற்றில் ஒன்று. பயிர்த்தொழில்நுட்பத்தைத் தமிழிற் கூறிய அந்நூல் துரைமாரின் நோக்குநிலையிலிருந்தே பேசியது. பின்னர் 1915இல் வெல்ஸ் வெளியிட்ட கூலித் தமிழ் என்னும் ஆங்கில நூல், துரைமாருக்கு ஏவல் தமிழைக் கற்பித்தது. தோட்டத்தில் தமிழ் கட்டளையின் மொழியாகவே வளர்க்கப்பட்டது. காரணம் கூறும் மொழியாக அன்று. பிற்காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் வலு, விசை, அமுக்கம், கனவளவு முதலிய கலைச்சொற்களைத் தொகுத்தளித்தது பாராட்டத்தக்க பணி. எனினும் அச்சொற்கள் பாடநூலோடு நின்றன. கரேஜில் கியர், பிஸ்டன், பிரேக் என்னும் சொற்களோடு வேறொரு தொழில்நுட்பத் தமிழ் வளர்ந்தது. இவ்விரு தமிழும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. மூளை உழைப்பும் உடலுழைப்பும் பிரிந்து நிற்பதை மார்க்ஸ் முதலாளித்துவ உற்பத்தியின் இயல்பாகக் கண்டார். நமது மொழியில் அப்பிளவு இரு சொற்களஞ்சியங்களாக வெளிப்பட்டுள்ளது.

இப்பிளவு இயற்கையானதன்று என்பதற்குத் தமிழகத்தில் ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை சான்று. உணவகத்தில் வேலைசெய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிளொன்றை வாங்கி, கழற்றிப் பூட்டிக் கற்ற அவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். ஆனால் அவருக்கு நிலமுடைய குடும்பமும், நடமாடும் சுதந்திரமும் இருந்தன. 1948இன் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியிடம் இவ்விரண்டும் இல்லை. திறமையை மட்டும் போற்றி நிலைமைகளை மறப்பது வரலாறாகாது.

6

இவ்விடத்தில் நாம் கணக்கை மறுபக்கமாகத் திருப்பிப் பார்த்தல் அவசியம். மலைவீதி இயந்திரத்திற்காக வளைத்து வளைத்து அமைக்கப்பட்டது. கொழுந்தெடுக்கும் பெண்ணோ லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து தராசடிக்கும் செங்குத்தான குறுக்குப்பாதையில் நடந்தாள். இயந்திரத்திற்குக் கிடைத்த சலுகை அவளுக்குக் கிடைக்கவில்லை.

45 கிலோகிராம் உடல்நிறையும் 15 கிலோகிராம் கொழுந்தும் கொண்டு 100 மீற்றர் உயரம் ஏறும் ஒருத்தி செய்யும் வேலை ஏறத்தாழ 59,000 யூல். அதாவது 14 கிலோகலோரி. மனிதத் தசை உண்ட சக்தியில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கையே வேலையாக மாற்றுமாதலால், அந்த ஒரு ஏற்றத்திற்கு அவள் செலவிடுவது 56 முதல் 70 கிலோகலோரி வரையாகும். கார் அதே உயரம் ஏறுகையில் எரிக்கும் பெற்றோல் தோட்டக் கணக்கேட்டில் செலவெனப் பதியப்படும். அவள் எரிக்கும் சோறு எந்த ஏட்டிலும் இல்லை. தராசு கொழுந்தை நிறுத்தது, ஏற்றத்தை நிறுக்கவில்லை. இரண்டிற்கும் சூத்திரம் ஒன்றே. நிறையை உயரத்தாற் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கணிதத்தில் குறைபாடு இல்லை. எதைக் கணக்கிடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே வினா.

இவ்வினாவிற்கு மிகக் கொடிய விடை 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தயின் மீரியபெத்தையில் கிடைத்தது. மழையில் இளகிய மலைச்சரிவு லயங்களின் மேல் சரிந்து, அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களைப் புதைத்தது. அச்சரிவு ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்னரே எச்சரித்திருந்தது. சரிவின் கோணம், மண்ணின் பிடிப்பு, நீரின் நிறை என்பவற்றைக் கொண்டு ஆபத்தை முன்கூட்டி அறியும் கணிதமும் நாம் மேலே கண்ட சரிவுக் கணிதத்தின் உறவினதே. கணக்குப் போடப்பட்டிருந்தது, ஆனால் அங்கு வாழ்ந்த மக்களை உரிய காலத்தில் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தும் செயலாக அது மாறவில்லை.

7

இன்று ஊவாத் தோட்டங்களின் இளைஞர் பலர் முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் ஓட்டுகின்றனர். அவற்றைத் தம் ரசனைக்கேற்ப மாற்றியமைப்பதிலும் ஆர்வங்கொண்டுள்ளனர். இவ்வார்வத்தை வீண் ஆடம்பரமென ஒதுக்குவது கற்றோரின் அலட்சியமாகும். டயரைப் பெரிதாக்கும் இளைஞன் விகிதத்தோடும், சிலிண்டரைக் கடையும் இளைஞன் வர்க்கத்தோடும், சுமையோடு மலையிறங்கும் இளைஞன் சக்திக்காப்பு விதியோடும் உறவாடுகின்றான். பாடசாலை அவனுக்கு அளிக்கத் தவறிய கணிதம் அவன் கையிலேயே இருக்கின்றது. அதற்குப் பெயர் கொடுக்கப்படவில்லை.

அப்பெயரைக் கொடுக்கும் பொறுப்பு தமிழ் ஆராய்ச்சியாளருக்கும் ஆசிரியருக்கும் உரியது. பட்டறையின் சொற்களையும் பாடநூலின் சொற்களையும் இணைத்து, மலையகத்தின் மேடுகளையும் வளைவுகளையுமே எடுத்துக்காட்டாகக் கொண்ட எளிய கணித நூல்கள் எழுதப்படல் வேண்டும். கியர் விகிதத்தைக் கற்பிக்கும் பக்கத்திற்கு அடுத்த பக்கத்தில் கொழுந்துச் சுமையோடு ஏறும் பெண்ணின் வேலையும், அதற்கடுத்த பக்கத்தில் லயத்தின் பின்னுள்ள சரிவின் கோணமும் கணிக்கப்படல் வேண்டும். தன் வண்டி எத்தனை சரிவில் ஏறும் எனக் கணிக்கக் கற்றவன், தன் தாய் எத்தனை உயரம் ஏறினாள் என்றும், தன் வீடு எந்தச் சரிவில் நிற்கின்றது என்றும் கணிக்க வல்லவனாவான். அவன் போடும் கணக்கை எந்தக் கணக்கப்பிள்ளையும் அவனுக்காகப் போடமாட்டார்.